மருந்துத் தண்ணீர் மிச்சமாவது குறித்து மருமகளுக்கு

அன்பிற்குரிய மருமகளுக்கு, உன் தாய்மாமன் வாயால் சொல்ல, எங்கள் தெருத் தையல்காரர் கையால் எழுதுவது.

ஆற்றுப்பாலம் திறந்த வருஷம் ஒன்று உண்டு. திறந்து வைக்க வந்த பெரிய மனிதரின் கார் பாலத்து நடுவிலேயே நின்றுபோய், மாலை போட்ட கையோடு அவரையும் சேர்த்து நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். அதே வருஷம்தான் சினிமாக் கொட்டகையில் திரை தீப்பிடித்து, அதுவும் படத்தில் வரும் தீ என்று எல்லாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம்தான் தபால்காரரை மாடு முட்டி, ஊருக்கே ஒரு மாதம் நல்ல சேதியும் வரவில்லை, கெட்ட சேதியும் வரவில்லை. நீ பிறந்ததும் அந்த வருஷம்தான். உன் அப்பாவின் கோழிக்கொட்டகையில் ரத்தக் கழிச்சல் வந்ததும் அந்த வருஷம்தான். இன்றைக்கு உன் கொட்டகையில் வந்திருக்கிறதே, அதே நோய், அதே மாதிரி, ஒரு எழுத்துப் பிசகாமல். அதனால்தான் நலம் விசாரிக்கும் முன்னாலேயே வருஷத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது விசாரிக்கிறேன். நானும் வீட்டாரும் சுகம், முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வீட்டில் உள்ள எல்லாரும் சுகமென்று நினைக்கிறேன், குஞ்சுகளைத் தவிர.

முந்தாநாள் நீ போனில் பேசிய பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் முழங்கால் உட்காரச் சொல்கிறது. திரும்பப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ போனைச் சத்தமாக வைத்து, அடுப்பு மேடையில் சாய்த்து நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிறவள். நீ கேட்பது பாதி, வீடு கேட்பது முழுசு. நான் சொல்ல வேண்டியதை நீ மட்டும்தான் கேட்க வேண்டும். ஆகையால் கடிதம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று அடிக்கொருதரம் கேட்கிறார். நான் மூச்சு விடும்போது வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீளமாகப் போனால் என் மூச்சைக் குறை சொல், அவர் கையெழுத்தைக் குறை சொல்லாதே.

நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒட்டி நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம், கொண்டை வெளுத்துவிட்டது, தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டரம்மா வந்து பார்த்து, தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து கொடுத்துப் போனார்கள். கொடுத்தும் கேட்கவில்லை. மருந்து போலி, அந்த டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, இனிமேல் என் வாசலுக்கு வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன் என்றாய். வருகிற சனிக்கிழமை லாரிக்காரரை வரச் சொல்லி, பிழைத்துக் கிடப்பதை எல்லாம் வந்த விலைக்கு ஏற்றிவிட்டு, கொட்டகையைப் பூட்டிவிட்டு, திரும்பத் தையல் ஆலைக்கே வேலைக்குப் போய்விடுவேன் என்றாய். அந்த ஆலையில் நீ பட்டன் தைத்துத் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது எனக்குத் தெரியாதா. உன் கொட்டகைக் கூரைக்குத் தகடு போட்ட அன்று நீ ஏணியில் நின்று சிரித்த சிரிப்பு எனக்குத் தெரியாதா. இதையெல்லாம் கேட்டபோதுகூட நான் கலங்கவில்லை. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாயே, மருந்துத் தண்ணீர் தட்டில் அப்படியே மிச்சமாகிறது மாமா, ஊற்றின மட்டம் இறங்குவதே இல்லை என்று. அதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்று சொல்கிறேன். அதற்கு உன் அப்பாவின் கொட்டகைக்குப் போக வேண்டும்.

உன் அப்பா, என் அத்தான், எடை மேடையில் வேலை பார்த்தவர். லாரி வரும், நிற்கும், எடை போடும், போகும். அவருக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. நாள் முழுக்க அடுத்தவன் சுமையைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன கம்பமா என்பார். அந்த வேலையை விட்டுவிட்டு, பழைய மரக்கிடங்கு ஒன்றைப் பிடித்து, தரைக்குச் செங்கல் போட்டு, கம்பிவலை அடித்து, மரத்தூள் பரப்பி, முதல் தடவையாகக் குஞ்சு இறக்கினார். கூட நின்றது நான். அத்தானிடம் ஒரு குணம். ஒன்றைச் செய் என்று சொன்னால் இரண்டாகச் செய்வார். உட்கார் என்றால் படுத்துவிடுவார். இதை மனதில் வைத்துக்கொள், கதைக்கு வேண்டும்.

குஞ்சுகள் பஞ்சுருண்டை மாதிரி இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இறகு முளைத்து, கழுத்து நீண்டு, ரெண்டுங்கெட்டான் வயசுக்கு வந்ததும்தான் வந்தது வினை. ஒருநாள் காலை மரத்தூளில் சிவப்பாகத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. அத்தான் பார்த்துவிட்டு, செங்கல் பொடி, குஞ்சுகள் தரையைக் கொத்தித் தின்கின்றன என்று முடிவு கட்டி, நேரே கொத்தனார் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். கொத்தனாரும் லேசுப்பட்டவர் இல்லை. உன் கோழி செங்கல் தின்கிற அளவுக்கு நீ பட்டினி போட்டால் நான் என்ன பண்ணுவது என்று கேட்டுவிட்டார். இவர்கள் இரண்டு பேரும் செங்கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் குஞ்சுகள் சாய ஆரம்பித்துவிட்டன.

கால்நடை டாக்டர் சைக்கிளில்தான் வருவார். அதனால் அவருக்கு சைக்கிள் டாக்டர் என்றே பெயர். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். எச்சத்தை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார், செத்ததில் ஒன்றைக் கிழித்துக் குடலைப் பார்த்தார், ரத்தக் கழிச்சல் என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, குஞ்சின் குடலுக்குள் இருந்துகொண்டு அறுக்கிறதாம். எச்சத்தோடு வெளியே வரும், தரையில் பரப்பின மரத்தூள், அந்தக் கூளம், ஈரமாக வெதுவெதுப்பாக இருந்தால் அங்கேயே கிடந்து முற்றும், அடுத்த குஞ்சு கொத்தும்போது அதன் வயிற்றுக்குள் போகும். காய்ந்த கூளத்தில் அதற்கு வாழ்வில்லை. ஆகவே ஈரக்கூளத்தை வாரி வெளியே போடு, மிச்சத்தைக் கிளறிக் காயவிடு, தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வை, கீழே சிந்தாது. பெரிய கோழி நோயைச் சுமக்கும், விழாது, அதைக் குஞ்சோடு சேர்க்காதே. கொட்டகைக்குள் போகிறவர்களுக்குத் தனிச் செருப்பு வை. இந்தப் பொடியைத் தண்ணீரில் கலந்து எல்லாக் குஞ்சுக்கும் கொடு, நோய் வந்ததுக்கும் கொடு, வராததுக்கும் கொடு. இந்த நோயில் குஞ்சு தீனியைத் தொடாது, ஆனால் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் மருந்தைத் தண்ணீரில் வைக்கிறோம். இந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கண்ணில் படக்கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அத்தான் ஆரம்பித்தார். கூளத்தைக் காயவிடு என்றாரா, மொத்தக் கூளத்தையும் வாரித் தெருவில் பரப்பினார். பக்கத்து வீட்டில் வாத்தியார் குடும்பம், அன்றைக்குத்தான் துணி துவைத்துக் கொடியில் போட்டிருந்தது. காற்று வந்தது. கோழி எச்சம் கலந்த மரத்தூள் போய் வாத்தியாரின் வெள்ளை வேட்டி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, வாத்தியார் சம்சாரம் சொன்னார், அது எழுதத் தக்கதல்ல என்று தையல்காரரே சொல்கிறார். தட்டைத் தூக்கி வை என்றாரா, அத்தான் நல்ல சேவலாகப் பார்த்து அதன் முதுகுக்கு அளவெடுத்து, அந்த உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பாவம் குஞ்சுகள், ஒரு காலைப் பொழுது முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றன. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குஞ்சு குடிக்கணும், ஒட்டகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுத்தமாக வை என்றது காதில் விழுந்ததும் வாளி வாளியாகப் பினாயிலைக் கரைத்துத் தரை முழுக்க ஊற்றினார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, பினாயிலுக்கு அது சாகாதய்யா, ஈரத்துக்குத்தான் பிழைக்கும் என்றார். ஆக, வெளியே காயப்போட்ட கூளத்தை உள்ளே இருந்த ஈரத்தின் மேல் திரும்பக் கொண்டுவந்து கொட்டியதுதான் மிச்சம்.

தனிச் செருப்புக் கதையும் கேள். ஒரே ஒரு ஜோடிதான் வாங்கினார். வாசலில் வைத்தார். உள்ளே போகிறவர் போட்டுக்கொண்டு போனால், வெளியே நிற்கிறவர் அவர் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். தீவனக்கடைக்காரர் மூட்டை இறக்க வந்தபோது அவர் ஒரு செருப்பும் அத்தான் ஒரு செருப்பும் போட்டுக்கொண்டு, மூட்டையை நடுவில் பிடித்து, ஆளுக்கு ஒரு காலால் தத்தித் தத்திப் போனார்கள். நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் மருந்து என்னவோ ஒழுங்காகத்தான் கலக்கப்பட்டது. அதை நான் செய்தேன். பொடியை அளந்து, கரைத்து, தட்டில் ஊற்றினேன். மட்டம் இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. குஞ்சுகள் சாய்ந்துகொண்டே இருந்தன. கூளத்தை மாற்றியாயிற்று, தட்டைச் சரி பண்ணியாயிற்று, பினாயிலும் காய்ந்தாயிற்று, ஆனாலும் காலையில் கொட்டகைக்குள் போகக் கால் வராது. அத்தான் வாசலில் நின்று, போய் எண்ணிப் பாருடா என்பார். நான் எண்ணிவிட்டு வந்து குறைத்துச் சொல்வேன். அவருக்கும் தெரியும் நான் குறைத்துச் சொல்கிறேன் என்று.

அப்புறம் என்ன, யார் மேலாவது பழி போட வேண்டுமே. முதலில் தீவனக்கடைக்காரர். தீனியில் பூஞ்சை என்று அத்தான் கத்த, அவர் வந்து தெருவே பார்க்க மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்று, இதில் என்ன குறை, சொல்லு என்றார். வாயெல்லாம் மாவாக இருந்ததால் அவர் சொன்னது பாதிதான் புரிந்தது. அத்தான் விடவில்லை, அடிமூட்டையில் இருந்து தின்று காட்டு என்றார். அதையும் தின்றார். மறுநாள் கடை திறக்கவில்லை. கேட்டதற்கு, வயிறு உப்பிக்கொண்டு படுத்திருக்கிறார் என்றார்கள். அதைத் தீனி கெட்டது என்பதற்குச் சாட்சியாக அத்தான் எடுத்துக்கொண்டார். எதை வேண்டுமானாலும் சாட்சியாக எடுத்துக்கொள்கிற காலம் அது.

அடுத்தது டாக்டர். நீ சொன்ன அதே பேச்சு, அம்மாடி. மருந்து போலி. அவனுக்கு மாட்டைத் தெரியும், கோழி தெரியாது. இனிமேல் அந்த சைக்கிள் இந்தத் தெருவில் வரட்டும் பார்க்கிறேன். மொத்தக் குஞ்சையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மரக்கிடங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடை மேடைக்கே போகிறேன் என்றார். போய் மேனேஜரைப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார். திங்கட்கிழமை வா என்று சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலம் அவர் கொட்டகைக் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே, அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ இப்போது அப்படித்தான் நின்றுகொண்டிருப்பாய்.

வராதே என்று சொல்லியும் டாக்டர் வந்தார். அத்தான் எங்கோ போயிருந்த நடுப்பகல். சைக்கிளைச் சாத்திவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே வந்து, நேரே தட்டைப் பார்த்தார். இது எப்போ ஊற்றினது என்றார். காலையில் என்றேன். கோழி தண்ணீர் குடிக்காம உயிரோட இருக்காதே, அப்போ எங்க குடிக்குது என்றார். அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் தேடினோம். கூரை ஒழுகுகிறதா, சுவர் ஓரம் கசிகிறதா, ஒன்றும் இல்லை. அப்போதுதான் எறும்பைப் பார்த்தோம். சாரை சாரையாக, வாசல் கட்டையில் ஏறி, சுவரோரமாகவே போய், தீவன மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தது. மூட்டையை நகர்த்தினால் அங்கே ஒரு அலுமினியப் பாத்திரம், நிறையத் தண்ணீர், தண்ணீர் லேசாகப் பழுப்பு. சுற்றிலும் குஞ்சுகள், குடிக்க வரிசையில் நிற்கிற மாதிரி. டாக்டர் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, டானிக் என்றார்.

மனுஷருக்குக் கொடுக்கிற டானிக், அம்மாடி. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு பாட்டில் இருக்கும், சத்து டானிக், வைட்டமின் டானிக், யாரும் குடிக்க மாட்டார்கள், தூசி தட்டித் தட்டி வைப்பார்கள். அதைச் சர்க்கரையோடு கலந்து, யாரோ தினமும் இரகசியமாக வைத்திருக்கிறார்கள். டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். அப்புறம் சொன்னார்:

"நான் குடுத்த மருந்து பார்க்க வைட்டமின் மாதிரியே இருக்கும். குடல்ல இருக்கிற அந்தக் கிருமி வைட்டமின்னு நம்பி இதை எடுத்துக்கும். எடுத்துக்கிட்டுப் பட்டினியில சாகும். நீங்க பக்கத்துலயே நிஜ வைட்டமினை ஊத்தி வச்சா, அது ஏன் ஏமாறப் போகுது? குஞ்சுக்குத் தெம்பு வருதோ இல்லையோ, கிருமிக்கு நல்லா வரும்."

யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. பாத்திரத்தை எடுத்துடு, மருந்து முடிஞ்சதும் தெம்புக்கு நானே எழுதித் தர்றேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போகவில்லை. மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஒரு ஆள் உள்ளே வந்து, முந்தியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றக் குனிந்தார். நான் எழுந்தேன். அந்த ஆள் கத்தவில்லை, பாத்திரத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன?"

"தண்ணி."

"தண்ணிக்கு எறும்பு வருமா?"

"அதுங்க மூஞ்சியப் பார்த்தியா நீ? கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுங்க. உங்க மருந்தை நான் வாயில வச்சுப் பார்த்தேன், ஒரு மாதிரி வாடை. அதையே நாள் முழுக்கக் குடின்னா யாரு குடிப்பா? உடம்புல தெம்பு இருந்தாத்தானே மருந்து வேலை செய்யும். மருந்து நீங்க குடுக்கிறீங்க, தெம்பு நான் குடுக்கிறேன். இதுல என்ன தப்பு?"

டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். கிருமி, வைட்டமின், ஏமாறுவது எல்லாவற்றையும். அந்த ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு குஞ்சு வந்து அவர் கால் விரலைக் கொத்தியது.

"அப்போ செத்ததெல்லாம் என்னாலயா?" என்று கேட்டார்.

எல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம், பினாயிலுக்கும் செங்கல்லுக்கும் பங்கு உண்டு என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"வெளியில தெரிஞ்சா இந்தக் கொட்டகை வாசலை நான் மிதிக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாதே."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பாத்திரம் போயிற்று. குஞ்சுகள் ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன, தாகம் எடுத்ததும் தட்டுக்கு வந்தன. தண்ணீர் மட்டம் இறங்கியது. பார்க்கப் பார்க்க இறங்கியது. எச்சத்தில் சிவப்பு வெளிறி, அப்புறம் இல்லாமலே போயிற்று. போனது போக மிச்சமிருந்த பாதிக்கு மேல் தலை நிமிர்ந்துவிட்டன. திங்கட்கிழமை வந்தது, அத்தான் எடை மேடைக்குப் போகவில்லை. கூளத்தைத் தெருவில் காயவைத்ததால்தான் பிழைத்தன என்று அவர் சாகிற வரைக்கும் சொன்னார். புது மூட்டைத் தீனியால்தான் என்று தீவனக்கடைக்காரர் சொன்னார், சொல்லும்போது வயிற்றைத் தடவிக்கொள்வார். செங்கல்லை மேலே பூசி அடைத்ததால்தான் என்று கொத்தனார் சொன்னார். சைக்கிள் டாக்டர் மட்டும் எங்கள் தெருவில் போகும்போது என்னைப் பார்த்து ஒரு தடவை மணி அடித்துவிட்டுப் போவார்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொன்னேன் என்றால், உன் மருந்துத் தண்ணீரும் மிச்சமாகிறது. தையல்காரர் இன்னும் எத்தனை முழம் என்று கேட்கிறார், முடிக்கிறேன். அம்மாடி, சனிக்கிழமை லாரியை வரச் சொல்லாதே. வந்தால் திருப்பி அனுப்பு. இப்போது மருந்து குடித்துக்கொண்டிருக்கிற கோழியைச் சாப்பாட்டுக்கு என்று விற்பதும் சரியில்லை, எப்போது விற்கலாம் என்பதை டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும். அவர்களிடம் நீ பேசிய பேச்சுக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொல். மருந்தின் அளவையும் எத்தனை நாள் என்பதையும் அவர்களிடமே கேள், என்னிடம் கேட்காதே, எனக்கு அந்தப் பொடியின் அளவுதான் தெரியும், இந்த மருந்து வேறு. ஈரக்கூளத்தை வாரிப் போடு, தட்டுக்கு அடியில் தொட்டுப் பார், கையில் பிடித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக்கூடாது. உன் பெரிய கோழிகள் நான்கைந்து உலாத்துகின்றனவே, அவற்றைக் குஞ்சுகள் பக்கம் விடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டகைக்குள் இன்னொரு தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடு. குழாய் ஒழுகலாம். பக்கத்து வீட்டுத் தொட்டி கசிந்து சுவர் வழியாக இறங்கலாம். தகட்டுக் கூரையில் ஓட்டை இருக்கலாம். நீ ஆலைக்குத் திரும்பிப் போகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, ஒரு சின்னக் கசிவாகத்தான் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும்.

அன்றைக்கு டானிக் வைத்த ஆள் யார் என்று உனக்குக் கேட்கத் தோன்றும். தோன்றினாலும் கேட்காதே. வாக்கு வாக்குதான். அந்த ஆள் கெட்டவர் இல்லை, அந்தக் கொட்டகையில் குஞ்சுகளுக்காக உண்மையாகவே அழுதவர் அவர் ஒருவர்தான். இனி யாரைக் கேட்டு என்ன ஆகப் போகிறது. அத்தான் போய்விட்டார். சைக்கிள் டாக்டர் போய்விட்டார். தீவனக்கடைக்காரர், கொத்தனார், வாத்தியார், வாத்தியார் சம்சாரம், மேனேஜர் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைத் தவிர அந்தக் கொட்டகை வாசலை மிதித்த ஒருவரும் இன்றைக்கு இல்லை. அதோடு விடு.

நீ நீடூழி வாழ்ந்து, உன் கொட்டகை நிறைந்து, குஞ்சுகள் எல்லாம் கொண்டை சிவந்து, உன் கண்ணும் கைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும், உன் தாய்மாமன். எழுதியவர் தையல்காரர், அவரும் தன் பங்குக்கு ஆசி சொல்கிறார், ரவிக்கைத் துணி இருந்தால் கொடுத்தனுப்பச் சொல்கிறார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டியாயிற்று. ஒட்டின கவரைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரர், எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னா அந்தப் பொண்ணோட கொட்டகைல இப்போ இன்னொரு தண்ணி வைக்கிறது யாரு, பேயா என்றார். நான் குழாய் ஒழுகும் என்றேன். புதுக் குழாய்ன்னு நீங்களே போன மாசம் பெருமை அடிச்சீங்களே என்றார். அப்புறம் கத்தரிக்கோலைக் கொடுங்கள் என்று நானே கவரைப் பிரித்தேன்.

அம்மாடி, குழாயைப் பார்க்க வேண்டாம். கூரையில் ஏற வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மேலே நான் சொன்னதில் கசிவு, தொட்டி, ஓட்டை எல்லாவற்றையும் அடித்துவிடு. ஒருவரும் இன்றைக்கு இல்லை என்று சொன்னதையும் அடித்துவிடு, அது பொய். வாக்கைக் காப்பாற்றலாம் என்று பார்த்தேன். சனிக்கிழமை உன் குஞ்சுகளை லாரியில் ஏற்றின பிறகு அந்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன். தீவன மூட்டைக்குப் பின்னால் போய்ப் பார். பாத்திரம் இருக்கும், எறும்பு இருக்கும். வைத்தவருக்கு அன்றைக்கு டாக்டர் சொன்னது இத்தனை வருஷத்தில் மறந்திருக்கும், குஞ்சு கழுத்தைத் தொங்கப் போட்டால் மனசு தாங்காதது மட்டும் மறந்திருக்காது. பாத்திரத்தை எடுத்துவிடு, சத்தம் போடாதே, யார் எதிரிலும் கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்ன மருந்தைக் கலக்குகிற வேலையை அவர் கையிலேயே கொடு. தானே கலக்கினால் வேறு பாத்திரம் வைக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும், உன்னைவிட எனக்கு அதிகமாகத் தெரியும். அன்றைக்குக் கால் விரலைக் கொத்தின குஞ்சைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்போ செத்ததெல்லாம் என்னாலயா என்று கேட்டவர், என்னைத் தவிர அந்தக் கொட்டகைக்கு இன்னும் மிச்சமிருக்கிற ஒரே ஆள், உன் வீட்டு முன் அறையில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா, உன் அம்மா.